மூன்றாம் தொட்டித் தண்ணீர்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நான், சின்னவள், குழந்தை மூன்று பேரும் சுகம். நீங்களும் அக்காவும் சுகம்தானே? காது எப்படி இருக்கிறது? போன வாரம் போன் செய்தேன். “யாரு? எந்தக் கம்பி? எத்தனை டன்?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். முப்பது வருஷம் கலவை மெஷின் பக்கத்தில் நின்ற காது, என்ன செய்யும். அதனால் இனிமேல் கடிதம்தான். அக்காவையும் அவள் தங்கை சின்னவளையும் கட்டிய சகலைகள் நாம் இரண்டு பேரும் அவர்களையே தூது விட்டால், சிமென்ட் விஷயம் போய்ச் சேரும்போது சீலை விஷயமாகிவிடுகிறது.

ஒரு நல்ல செய்தி. நாலு மாடி மருத்துவமனைக் கட்டடம் ஒன்றை எங்கள் கம்பெனி எடுத்திருக்கிறது. சைட் முழுக்க என் பொறுப்பு. கூடவே ஒரு நிபந்தனை. இடிபாடு லாரி லாரியாக வெளியே போகக் கூடாது, சிமென்ட் தண்ணீர் சாக்கடையில் கலக்கக் கூடாது, தூசி தெருவுக்குப் பறக்கக் கூடாது. கூட்டத்தில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது.

கல்யாணமான புதிதில் வேலையில்லாமல் எட்டு மாதம் உங்கள் சைட்டில் நின்றேனே! பலகை பிரித்ததும் ஆணியெல்லாம் பொறுக்கி, தட்டி நிமிர்த்தி, டப்பாவில் போடச் சொல்வீர்கள். உடைந்த செங்கலைத் தளத்துக்கு அடியில் நிரப்புவீர்கள். மெஷின் கழுவிய தண்ணீருக்கு மூன்று தொட்டி வரிசையாக வைத்திருந்தீர்கள். அப்போது எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. இன்ஜினியரிங் படித்த திமிர். இப்போது அந்தத் தொட்டிகளின் அளவு வேண்டும். எழுதுவீர்களா?

அக்காவுக்கு என் வணக்கம். காதுக்கு மருந்து விடாமல் போடுங்கள்.

உங்கள் தம்பி


ஜனவரி 30

தம்பிக்கு,

நலம். அக்காவும் நலம். வலது காது வேலையை விட்டுவிட்டது, இடது காது விடுப்பில் இருக்கிறது. குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று அக்கா கேட்கச் சொன்னாள்.

உன் கடிதம் படித்து முதலில் சிரித்தேன். அப்புறம் வயிறு எரிந்தது. ஏன் மறைக்க வேண்டும்? உன் கல்யாணத்தன்று, அத்தனை பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நம் மாமனார் என்ன சொன்னார் தெரியுமா? “மேடையைப் பிரிக்கிறப்ப பெரிய மாப்பிள்ளை மேல ஒரு கண்ணு வெச்சுக்குங்க. ஒரு ஆணி மிஞ்சாது.” இலை, தட்டு எல்லாம் குலுங்கும்படி சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், மாலையோடு. அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் ஆணி மாப்பிள்ளை. நான் செய்தால் அது கஞ்சத்தனம். அதையே நீ தலையில் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு செய்தால் சுற்றுச்சூழல்.

சரி, கேட்டதற்குப் பதில். ஒவ்வொரு தொட்டியும் ஆறடி நீளம், நாலடி அகலம், நாலடி ஆழம். முதல் தொட்டியில் மணலும் ஜல்லியும் படியும். அங்கிருந்து வழிவது இரண்டாவதுக்கு வரும், அங்கே நைசான சிமென்ட் பால் படியும். மூன்றாவதில் தெளிந்துவிடும். வழியும் வாய் ஒவ்வொன்றிலும் முந்தியதைவிட நாலு விரல் தாழ்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் வந்த வழியே திரும்பிப் பார்க்கும். அடியில் படிவதை வாரம் ஒரு தடவை அள்ளிக் காயப் போடு. காய்ந்ததை உடைத்து நடைபாதைக்கு அடியில் போடலாம். தெளிந்த தண்ணீரில் மறுபடி மெஷினையும் லாரியையும் கழுவு. ஆணி பொறுக்க ஒரு ஆளைத் தனியாகப் போடாதே. பிரிக்கிறவனே பொறுக்க வேண்டும், அப்போதுதான் பலகையை உடைக்காமல் பிரிப்பான்.

உனக்கு மருத்துவமனை. எனக்கு என்ன சைட் தெரியுமா? பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவரும் கழிப்பறையும். மாமனாரிடம் சொன்னேன். “ஓ” என்றார். இடது காதுக்கே கேட்டது.

சின்னவளையும் குழந்தையையும் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
சகலை


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் நலம். குழந்தைக்குக் கீழே இரண்டு பல் வந்துவிட்டது, அதை வைத்து எல்லோரையும் கடிக்கிறான். உங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லையே? கல்யாணத்தன்று சிரித்ததற்கு என்னை மன்னிக்க வேண்டும். மாப்பிள்ளை சிரிக்காவிட்டால் பெண் வீட்டார் பயந்துவிடுவார்கள் என்று சிரித்தேன்.

தொட்டி மூன்றும் கட்டியாகிவிட்டது. முதல் வாரம் கலவை லாரி ஓட்டுநர்கள் முறைத்தார்கள். தெருவோரம் கழுவிவிட்டுப் போய்க்கொண்டிருந்தவர்கள் இல்லையா? இப்போது அவர்களே வரிசையில் நிற்கிறார்கள். பழைய கட்டடத்தின் இடிபாட்டை இங்கேயே உடைத்து வண்டிப் பாதைக்குப் போட்டோம். சக்கரம் கழுவாமல் எந்த வண்டியும் வாசலைத் தாண்டுவதில்லை. தொட்டிப் பக்கம் உங்களுக்குக் காட்ட ஒன்று வைத்திருக்கிறேன். இப்போது சொல்ல மாட்டேன், நேரில் வரும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

சைட் நடுவில் ஒரு பெரிய மரம். வேலையாட்கள் அதற்குக் ‘குடை’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். மத்தியானம் எண்பது பேர் அதன் நிழலில்தான் சாப்பிட்டுத் தலை சாய்க்கிறார்கள். வரைபடப்படி அதை வெட்ட வேண்டும். நான் சண்டை போட்டு, கட்டடத்தை இரண்டு மீட்டர் தள்ளி வைக்கச் செய்தேன். மேலிடத்தில் ஒருவர், “மரத்துக்காக ஆஸ்பத்திரியைத் தள்ளுற முதல் ஆள் நீங்கதான். அது பட்டுப்போச்சுன்னா உங்களைத் தள்ளிடுவாங்க, பார்த்துக்குங்க” என்றார். விளையாட்டாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

இப்போது ஒரு சந்தேகம். வெயில் ஏறுகிறது, நல்ல தண்ணீரை வண்டியில் வரவழைக்கிறோம். மூன்றாம் தொட்டித் தண்ணீரோ கண்ணாடி மாதிரி இருக்கிறது, அடியில் போட்ட திருகாணிகூடத் தெரிகிறது. கழுவியதுபோகத் தினமும் மிஞ்சுகிறது. அதைக் குடைக்கு விடலாமா? உங்களுக்குத்தான் தெரியும். ஒரு வரி எழுதுங்கள்.

அக்காவின் மாடித் தோட்டம் எப்படி இருக்கிறது?

உங்கள் தம்பி


மார்ச் 18

தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். பதில் தாமதம். சுவர் பூச்சு நடக்கிறது.

உன் படம் பேப்பரில் வந்ததைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியுமா? மாமனார் ஆறு பேப்பர் வாங்கினார். கேட்காமலேயே ஒன்றை என் கையில் திணித்தார். ‘கழிவில்லாக் கட்டுமானம்: இளம் பொறியாளரின் புது முறை.’ தலைப்பு நன்றாக இருந்தது. புது முறை! என் முதல் தொட்டி வெட்டியபோது நீ பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் நின்றுகொண்டிருந்திருப்பாய். ஒரு தடவைக்கு நாலு தடவை படித்தேன். என்னைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. ‘எங்கோ ஒரு மேஸ்திரியிடம் பார்த்தேன்’ என்றாவது சொல்லியிருக்கலாம். படத்தில் தொட்டிக்கு முன்னால் நிற்கிறாய். பின்னால் நீலப் பலகை ஒன்று இருக்கிறது, அதில் ஏதோ எழுதியிருக்கிறது, உன் தலை மறைத்துவிட்டது. தலை இப்போது பெரிதாகத்தான் ஆகியிருக்கும்.

இன்னும் கேள். மாமனார் அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறார். அந்தச் சுவர் நான் கட்டியது. படம் தொங்குகிற ஆணி நான் அடித்தது. அதுவும் நிமிர்த்திய ஆணி. வருகிறவர்களிடமெல்லாம், “எங்க சின்ன மாப்பிள்ளை, பசுமை மாப்பிள்ளை” என்கிறார். பக்கத்திலேயே நான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குக் காது கேட்காது என்று அவருக்கு எண்ணம்.

தொட்டிக்கு மேல் கம்பி வலை போடு, யாராவது கால் தவறி விழுவார்கள். இரண்டாம் தொட்டிச் சேறு சீக்கிரம் நிறையும், வாரம் இரண்டு தடவை அள்ளு. இடிபாடு போட்ட பாதையில் தண்ணீர் தெளித்து உருளை ஓட்டு. சக்கரம் கழுவுகிற இடத்தில் சரிவு உள்பக்கம் இருக்கட்டும். வேறென்ன? வேறொன்றும் இல்லை.

அக்கா மாடியில் இப்போது செடி வைப்பதில்லை.

சகலை


ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

அனைவரும் சுகம். உங்கள் கடிதம் கொஞ்சம் சூடாக இருந்தது, ஆனாலும் வந்ததே போதும். பேப்பர் விஷயத்தை நேரில் பேசிக்கொள்ளலாம்.

வலை போட்டுவிட்டேன், சரிவையும் மாற்றிவிட்டேன். மரத்துத் தண்ணீரைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் இவ்வளவு விவரமாக எழுதியிருக்கிறீர்கள், அது தப்பென்றால் முதல் வரியிலேயே திட்டியிருப்பீர்கள். அதனால் சரி என்று எடுத்துக்கொண்டு, மூன்றாம் தொட்டியிலிருந்து குடைக்குக் குழாய் போட்டுவிட்டேன். தினமும் சாயங்காலம் நானே வால்வைத் திறக்கிறேன்.

ஜூலையில் ஆய்வுக் குழு வருகிறது. தேறினால் அடுத்து வரப்போகும் முப்பது ஏக்கர் குடியிருப்பு வேலை முழுதும் என் கையில் என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு நீங்கள் கட்டாயம் வர வேண்டும். ரயில் டிக்கெட் நானே எடுத்து அனுப்புகிறேன். வராமல் இருந்தால் அக்காவை விட்டுத் தூக்கிவரச் சொல்வேன்.

அக்கா செடி வைப்பதை ஏன் விட்டுவிட்டாள்? இருபது தொட்டி வைத்திருந்தாளே?

உங்கள் தம்பி


மே 9

தம்பிக்கு,

நலம். வேலை அதிகம். ஜூலையில் வர முடியுமா என்று இப்போது சொல்ல முடியாது. சுற்றுச்சுவர் முடியவில்லை.

முப்பது ஏக்கரா? நல்லது. மாமனாரிடம் நீயே சொல்லிவிட்டாயாம், இனிப்பு வாங்கி வந்து தந்தார். சாப்பிட்டேன்.

குழந்தையை வெயிலில் விடாதே.

சகலை


ஜூன் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் இருக்கிறோம். மனசு சரியில்லை.

குடையின் இலை ஓரமெல்லாம் கருகுகிறது. பத்து நாளில் பாதி மரம் மஞ்சளாகிவிட்டது. அடியில் நிழல் சல்லடையாகிவிட்டது. வேலையாட்கள் தார்ப்பாய் கட்டிச் சாப்பிடுகிறார்கள். வெயிலால் இருக்கும் என்று தண்ணீரை இரண்டு மடங்காக்கினேன். இன்னும் மோசமாகிறது.

கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். அடித்தளம் தோண்டும்போது வேர் அறுந்திருக்கும் என்கிறார். தோண்டியவர் எங்கள் மெஷின் ஓட்டுநர். ஐம்பது வயது மனிதர், மரத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டு அதற்குள் மெஷினின் ஒரு பல்கூடப் படாமல் ஓட்டினார், நான் பக்கத்திலேயே நின்றேன். “சார், நான் வேரைத் தொடவே இல்ல சார், என் கையைப் பாருங்க சார்” என்று கையை நீட்டுகிறார். கையைப் பார்த்து நான் என்ன தெரிந்துகொள்வது? வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் காரணம் தெரியாவிட்டால் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா? ஆய்வுக்கு இன்னும் ஐந்து வாரம்தான்.

தம்பி


ஜூன் 6

தம்பிக்கு,

நலம் விசாரிக்க இன்று எனக்கு யோக்கியதை இல்லை. உடனே வால்வை மூடு. குழாயைப் பிடுங்கிப் போடு. அதைச் செய்துவிட்டு மீதியைப் படி.

மரத்தைக் கொல்வது மூன்றாம் தொட்டித் தண்ணீர். அது பார்க்கத்தான் கண்ணாடி. சிமென்டின் காரம் முழுதும் அதிலேயே இருக்கிறது. படிவது மண்ணும் பாலும்தான், காரம் படியாது. செடி வேருக்கு அது நெருப்பு. மெஷின் ஓட்டுநர் மேல் ஒரு குற்றமும் இல்லை. இந்தக் கடிதத்தையே கொண்டுபோய்க் காட்டு.

எனக்கு எப்படித் தெரியும்? மூன்று வருஷத்துக்கு முன்னால், இவ்வளவு தெளிந்த தண்ணீர் வீணாகிறதே என்று தினமும் இரண்டு கேன் வீட்டுக்குத் தூக்கி வந்தேன். அக்காவின் இருபது தொட்டிச் செடிக்கும் ஊற்றினேன். ஆறு வாரத்தில் இருபதும் போய்விட்டது. வெளியே சொன்னால் ஆணி மாப்பிள்ளைக்கு இன்னொரு பட்டம் கிடைக்கும் என்று அவளையும் சொல்லவிடவில்லை. கஞ்சனைத் தவிர வேறு யாரும் அந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள். நீ செய்தது என்னிடம் படித்ததால்தான்.

பிப்ரவரியில் நீ கேட்டாய். கேள்வியைப் படித்தேன். மறந்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன், இரண்டு தாளைக் கிழித்தேன். மறக்கவில்லை. உன் கடிதம் வந்த அன்று பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் மாமனார் பேப்பரோடு வந்தார். அதற்குப் பிறகு நான் எழுதிய ஒவ்வொரு வரியிலும் அந்தப் பதில் பேனா முனை வரை வந்தது. விட்டுவிட்டேன். மரம் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. ஏதாவது ஒன்றில் உனக்குச் சறுக்கட்டும், ‘அண்ணனைக் கேட்டிருக்கலாமே’ என்று நாலு பேர் சொல்லட்டும் என்று நினைத்தேன். நீயோ கேட்டுவிட்டாய். கேட்டும் நான் சொல்லவில்லை. ஏப்ரலில் குழாய் போட்டதாக எழுதினாய். அப்போதும் சொல்லவில்லை. அதற்கு ஒரு மாதம் பதிலே போடவில்லை, பிறகு போட்டதும் ஒரு பதிலா? பொறாமை, தம்பி. வேறு பேர் இதற்குக் கிடையாது.

நேற்று உன் கடிதத்தை அக்கா படித்துக் காட்டினாள், சத்தமாக, இடது காதுப் பக்கம். பாதியில் நிறுத்தினாள்.

“எந்தத் தண்ணிய விட்டாராம்?”

நான் வலது காதை அவள் பக்கம் திருப்பினேன்.

“அதே தண்ணியா?”

“ம்.”

“நீங்க சொல்லலையா?”

“காது கேக்கல” என்றேன், பழக்கதோஷத்தில்.

“கடுதாசியில கேட்டதுக்குக் காது எதுக்குங்க?” என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. தட்டை மட்டும் வைக்கிறாள்.

இப்போது செய்ய வேண்டியது. தண்ணீர் பாய்ந்த இடத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கும், மேல் மண்ணை ஓரடி வரை கையால் எடு, மண்வெட்டி வேரில் படக் கூடாது. புது மண்ணும் மக்கிய இலையும் போடு. நல்ல தண்ணீர் நிறைய விடு, நாலு நாள் விட்டு மறுபடியும். கருகிய கிளையை உடனே வெட்டாதே. பிழைக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. அக்காவின் இருபதில் ஒன்றும் பிழைக்கவில்லை, ஆனால் அவை தொட்டிச் செடி.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

சகலை


ஜூலை 19

தம்பிக்கு,

எல்லோரும் சுகமா? ஆறு வாரமாக உன் எழுத்து இல்லை. தபால்காரர் தெருவில் வரும்போது வாசலுக்கு வருகிறேன், அவர் கையை விரிக்கிறார். அக்கா சின்னவளிடம் போனில் பேசுகிறாள், ஆனால் என்ன பேசினாள் என்று எனக்குச் சொல்வதில்லை. என் பக்கம் திரும்பும்போது வாய் அசைவது நின்றுவிடுகிறது.

ஆய்வு முடிந்திருக்கும். ரயில் டிக்கெட் வரவில்லை. வரும் என்று நானும் நினைக்கவில்லை.

மாமனார் நேற்று வந்திருந்தார். “சின்ன மாப்பிள்ளைக்கு யாரோ கண்ணு பட்டிருக்கு” என்றார். யார் கண் என்று எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவர் காப்பியை உறிஞ்சிக்கொண்டு உன் படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவ்வளவுதான், மறுபடியும் வயிற்றில் அதே எரிச்சல். இவ்வளவுக்கும் பிறகு! என்னை நானே வெறுத்தேன், ஆனாலும் எரிந்தது.

மெஷின் ஓட்டுநருக்கு வேலை திரும்பக் கிடைத்ததா? அதையாவது எழுது.

சகலை


ஆகஸ்ட் 22

அண்ணனுக்கு,

நாங்கள் நலம். உங்கள் காதுக்கும் உடம்புக்கும் ஒன்றுமில்லையே?

உங்கள் கடிதம் வந்த அன்றே வால்வை மூடினேன். பதில் போடாததற்குக் காரணம் கோபம். நிறையக் கோபம். எழுத உட்கார்ந்தால் திரும்ப அள்ள முடியாத வார்த்தையெல்லாம் வந்தது. சின்னவள், “இப்ப எழுதாதீங்க, மண்ணை அள்ளுங்க” என்றாள். அள்ளினோம். எண்பது பேரும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கொரு சட்டி மண் எடுத்தார்கள். மெஷின் ஓட்டுநரும் வந்து, மெஷினைத் தொடாமல், கையால் எடுத்தார். அவருக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது.

உங்கள் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. தண்ணீர் விட்டது என் முடிவு என்று எழுதிக் கொடுத்தேன். பொய் இல்லை. சிமென்ட் கையைத் தின்னும் என்று படித்தவன் நான். பதில் வராத கேள்விக்கு நானே பதில் போட்டுக்கொண்டு குழாய் இழுத்தேன். ஆய்வில் தேறவில்லை. முப்பது ஏக்கர் வேறொருவருக்குப் போய்விட்டது. நான் அவருக்குக் கீழே. என் தொட்டிகளை அவர் மெச்சுகிறார், பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உங்கள் மார்ச் மாதக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். அன்றைக்குப் புரியாதது இப்போது புரிந்தது.

அந்த நீலப் பலகை. தொட்டி கட்டிய வாரமே வைத்தேன். மேலே பெரிதாக ‘அண்ணன் தொட்டி’. கீழே, ‘இந்த முறை என் மூத்த சகலையிடம் கற்றது’. சைட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். “அண்ணன் தொட்டியில கழுவிட்டு வா”, “அண்ணன் தொட்டி நெறஞ்சிடுச்சு.” ஆய்வு அன்று உங்களை அதன் முன்னால் நிறுத்தி எல்லோருக்கும் அறிமுகம் செய்ய நினைத்திருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் உங்களைவிட மோசம். பேப்பருக்குப் படம் எடுக்க வந்தவர், “சார், பலகை மறையுது, கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றார். நான் கேட்காதவன் மாதிரி நின்றேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கும், அண்ணா.

குழு வருவதற்கு முதல் நாள் பலகையைக் கழற்றிவிட்டேன். மரம் இருந்த நிலையில், பேரைப் பார்த்து யாரும் உங்களைப் பேசிவிடக் கூடாது என்றுதான். ஆபீஸ் அறையில் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.

குடையில் கிழக்குப் பக்கம் போன வாரம் துளிர்த்திருக்கிறது. மேற்குப் பக்கம் ஒன்றும் இல்லை. மத்தியானம் வேலையாட்களில் பாதிப் பேர் கிழக்கே சாய்கிறார்கள், மீதிப் பேர் தார்ப்பாய்க்குப் போகிறார்கள்.

அக்கா பேசுகிறாளா?

தம்பி


செப்டம்பர் 3

தம்பிக்கு,

நலம். காது போனது போனதுதான். அக்கா நேற்றிலிருந்து பேசுகிறாள். முதல் வார்த்தை, “மாடிக்குப் போய் நல்ல மண்ணு கொட்டி வைங்க” என்பது. கொட்டினேன். இருபது தொட்டிக்கும் குழாய்த் தண்ணீர்தான், நான் பக்கத்திலேயே வரக் கூடாது என்று உத்தரவு.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போனேன். முன்னறையில், உன் படத்துக்குக் கீழே உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். உன் கேள்வி, என் மௌனம், மரம், முப்பது ஏக்கர். அவர் எழுந்து போய்ப் படத்தைச் சட்டத்தோடு கழற்றினார். மாட்டிவிடுங்கள் என்றேன். “ஏன்?” என்றார். “அவன் தலைக்குப் பின்னால என் பேரு இருக்கு” என்றேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. மாட்டிவிட்டார். இன்னும் என்னை ஆணி மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுகிறார், ஆனால் வீட்டு மழைத் தண்ணீரைச் சேர்க்கத் தொட்டி கட்ட வேண்டும் என்று என்னிடம்தான் கேட்டார்.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. படத்தைப் பார்த்தால் இப்போதும் ஒரு நொடி பற்றுகிறது. நீ தள்ளி நிற்கவில்லை என்று படித்தபோது எனக்கு வந்தது கோபம் இல்லை, நிம்மதி. நாம் இரண்டு பேரும் ஒரே வீட்டு மாப்பிள்ளைகள்தான்.

மரத்தின் மேற்குப் பக்கத்தை அடுத்த வருஷம் வரை வெட்டாதே. பொறுத்துப் பார்.

பலகையை மாட்டு. நீ என்னைக் காப்பாற்றியது போதும். இந்த உறையோடு நாலு ஆணி அனுப்பியிருக்கிறேன், நானே தட்டி நிமிர்த்தியவை. பலகையில் அடியில் இடம் இருக்குமே, அங்கே இன்னொரு வரி சேர். லாரி ஓட்டுநருக்கும் தூரத்திலிருந்து தெரிகிற மாதிரி பெரிய எழுத்தாக இருக்கட்டும்:

‘இந்தத் தண்ணீர் தெளிவாக இருக்கும். செடிக்கு ஊற்றாதே.’

பிப்ரவரியில் நீ கேட்ட ஒரு வரி இதுதான்.

இப்படிக்கு,
ஆணி மாப்பிள்ளை